பம்பர் பரிசு

சென்னைக்கு ‘ஆசியாவின் டெட்ராய்ட்’ என்று பெயர் வைத்துப் பூரித்துக்கொள்கிறோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் சின்ன கார்கள் வரிசை கட்டி வெளியே வருகின்றன. ஒரகடத்திலும் அதே கதை. முதலீட்டாளர் மாநாடு, மேடையில் கையெழுத்து, சால்வை எல்லாம் உண்டு. அதே ஊரில், ரிவர்ஸ் எடுத்த தண்ணீர் லாரி மூக்கைப் பெயர்த்துவிட்டுப் போன ஒரு சின்ன காரைச் சரிசெய்ய நேர்மையான இடம் தேடிப் பாருங்கள். டெட்ராய்ட்டின் லட்சணம் தெரியும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஏசி உண்டு, காபி உண்டு, ‘வாங்க சார்’ உண்டு. வண்டியைக் குனிந்து பார்க்கத்தான் ஆள் கிடையாது. டேப்லெட்டோடு வரும் அட்வைசரின் முதல் கேள்வி: “இன்ஷூரன்ஸா சார், கையிலயா?” அடி எவ்வளவு என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. இன்ஷூரன்ஸ் என்று சொல்லிவிட்டால் தட்டி நிமிர்த்துகிற பேச்சே எடுபடாது, எல்லாம் புதுசு. என் வண்டியின் ஹெட்லைட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது ஒன்று ஒடிந்திருந்தது, அவ்வளவுதான். காது தனியாக வராதாம், விளக்கையே மாற்றணுமாம். எவனோ ஓர் இன்ஜினியர் உட்கார்ந்து யோசித்து, சம்பளமும் வாங்கிக்கொண்டு, அந்தக் காதைப் பிரிக்க முடியாதபடி செய்திருக்கிறான்.

எஸ்டிமேட் வந்தது. மாப்பிள்ளை வீட்டுச் சீர்ப் பட்டியல் தோற்றது. “எங்களுக்கு ஒண்ணும் வேணாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்றதுதானே” என்பார்களே, அதே குரலில் “உங்க சேஃப்டிக்குத்தான் சார்” என்றார் அட்வைசர். பம்பர், கிரில், ஃபெண்டர், பானட், கிளிப்புகள். கடைசியில் ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்று ஒரு வரி. அது என்ன என்று கேட்டால், அது அப்படித்தான் வருமாம்.

இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கிறோமே என்று நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். சாதாரண பாலிசி என்றால் பிளாஸ்டிக்குக்குப் பாதிப் பணம்தான். வண்டிக்கு 5 வயது தாண்டினால் தகரத்தில் 40 சதவீதம் கழிவு. அதற்கு மேல் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். வருஷக்கணக்கில் கைநீட்டாமல் சேர்த்த 50 சதவீத போனஸ், ஒரே கிளெய்மில் பூஜ்யம். சர்வேயர் வந்தார், செல்போனில் படம் எடுத்தார். வண்டியைப் பார்த்த நேரத்தைவிட அட்வைசரோடு சிரித்த நேரம் அதிகம்.

புதுப்பேட்டையில் ஒரு டிங்கர் ஃபெண்டரை விரலால் தடவினார். “தட்டி எடுத்துடலாம்ணே. பட்டி வெச்சு பெயிண்ட் அடிச்சா தெரியாது. காதையும் ஒட்டிடலாம்.” எஸ்டிமேட்டில் கால்வாசிகூட வரவில்லை. ஆனால் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தது. அதற்கான கம்பெனி ஸ்கேனர் அவரிடம் இல்லை, அவருக்குத் தரவும் மாட்டார்கள். வெளியில் கை வைத்தால் வாரண்டி போச்சு என்ற மிரட்டல் வேறு.

இது தப்பு என்று 2014லேயே சொல்லியாகிவிட்டது. உதிரிபாகத்தையும் கருவியையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்த 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. கம்பெனிகள் கோர்ட் படியேறின. அவர்களுக்கு வக்கீல் பஞ்சமா? 2022ல் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஒரு குழு போட்டு இணையதளமும் திறந்தது. ரொம்ப நன்றி. அதை ஃபெண்டரில் எந்தப் பக்கம் ஒட்டிக்கொள்வது?

கடைசியில் சர்வீஸ் சென்டரிடமே சரணடைந்தேன். நம்மைப் போன்றவர்கள் சரணடைவதை நம்பித்தானே அந்த ஏசி ஓடுகிறது! வண்டி வந்தது. கதவு ஒரு வெள்ளை, பம்பர் வேறு வெள்ளை. “வெயில்ல நிக்க நிக்க செட்டாயிடும் சார்” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “கம்பெனியிலேருந்து ஃபீட்பேக் கால் வரும். 10க்கு 10 சொல்லிடுங்க சார். 9 சொன்னாக்கூட எங்க இன்சென்டிவ்ல கை வெச்சிடுவாங்க.”

அந்தப் பையன் மேல் எனக்கு என்ன கோபம்? 10 சொன்னேன். காதைப் பிரிக்க முடியாமல் செய்தவனுக்கு எத்தனை மார்க் என்று அந்தப் போனில் கேட்கவே இல்லை.