கீழ் வலது மூலைப் பிள்ளையார்

வா மாப்ளே, உட்காரு. டீக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். பன்னு வேணும்னா நீயே காசு குடு, முதலாளி நீதானே.

ஒரு சந்தேகம் கேக்கணும்னு ரெண்டு நாளா மனசுல கெடக்கு. உன் ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டர் திரையில, கீழ வலது மூலையில, பிள்ளையார் ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டியிருக்கியே, அது எதுக்கு? வீட்டுக்குக் கன்னி மூலையில பிள்ளையார் வெப்பாங்க, எனக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குக் கன்னி மூலை இதுதான்னு எந்த வாஸ்துக்காரன் வந்து சொன்னான்?

நீ சொல்ல மாட்டே. நானே சொல்லிடறேன். முந்தாநாள் ராத்திரி ரவுண்டு வரும்போது நகத்தால லேசா நெம்பிப் பாத்தேன். தும்பிக்கைக்குக் கீழ சாம்பல் எழுத்துல 'ஆக்டிவேட் விண்டோஸ்'னு இருக்கு. வியாழக்கிழமை கஸ்டமர் ஆடிட்டுக்கு ஆள் வர்றாங்கன்னு புதன்கிழமை சாயந்திரம் ஒட்டினதுதானே? பயப்படாதே, பழையபடி ஒட்டிட்டேன். ஆனாலும் மாப்ளே, கோயில் உண்டியலுக்குப் பூட்டு போட்டவனைப் பாத்திருக்கேன், சாமியையே பூட்டா மாட்டினவனை இப்பத்தான் பாக்கறேன்.

கோவிச்சுக்காதே. உன் பெருமையை ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறவன் நான். இந்த ஓசூர் மண்ணுல நாங்க கேழ்வரகு வெதச்சுக்கிட்டிருந்தோம். எழுபதுகள்ல சிப்காட் வந்துச்சு. 1980ல லேலண்டு வந்துச்சு, அதே வருஷம் டிவிஎஸ் 50 வண்டி இங்கேருந்துதான் வெளிய ஓடுச்சு. அப்புறம் டைட்டன் வந்து, களி கிண்டின கையை வாட்ச் பூட்ட வெச்சாங்க. அந்தக் கம்பெனிகளுக்கெல்லாம் பாகம் கடைஞ்சு குடுக்கற சின்ன ஷெட்டுல ஒண்ணு உன்னோடது. தலைமுடி ஒண்ணு சுமாரா 70 மைக்ரான் தடிமன்னு சொல்லுவாங்க. நீ 10 மைக்ரான் தப்பினா அந்தப் பாகத்தைச் சிவப்புத் தொட்டியில போடற ஆளு. சபாஷ்.

உன் மைக்ரோமீட்டருக்கு ஒரு சர்டிபிகேட். வெர்னியருக்கு ஒண்ணு. ப்ளக் கேஜுக்கு ஒண்ணு. வருஷா வருஷம் கேலிப்ரேஷனுக்கு அனுப்பி, என்ஏபிஎல் முத்திரையோட வந்த காகிதத்தை ஃபைல்ல சொருகி வெக்கறே. பொம்மசந்திராவுக்கு ஒரு லாட் அனுப்பணும்னா ஈ-வே பில் இல்லாம வண்டி ஜூஜூவாடியைத் தாண்ட விடமாட்டே. அத்தனை காகிதத்தையும் அடிச்சுத் தர்ற அந்தக் கம்ப்யூட்டருக்குக் காகிதம் எங்கே மாப்ளே? அளவுகோலுக்கெல்லாம் ஜாதகம் இருக்கு, கணக்குப்பிள்ளை மட்டும் ஊர் பேர் தெரியாதவன்!

அவன் எப்படி உள்ள வந்தான்னு எனக்கு ஞாபகம் இருக்கு. பெங்களூரு எஸ்.பி. ரோட்டுல போய் நீ அந்தப் பொட்டியை அசெம்பிள் பண்ணிட்டு வந்தே. சர்வீஸ் பையன் ஒருத்தன் பென் டிரைவோட வந்தான். 'ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட 500 ரூபா சார்'னான். போட்டான். அப்புறம் என்ன சொன்னான்? 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க, அப்பத்தான் ஆக்டிவேட்டர் ஓடும்.' நான் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். வீட்டு நாயைக் கட்டிப் போட்டாத்தான் உள்ள வருவேன்னு ஒரு விருந்தாளி சொன்னா, நம்ம ஊர்ல அவனுக்கு எலை போடுவாங்களா? நீ போட்டே, பாயசத்தோட.

என் பேத்தி இதை எனக்குப் புரியற மாதிரி சொன்னா. எலக்ட்ரானிக் சிட்டிக்கு தினம் அத்திபள்ளி தாண்டி பஸ் ஏறிப் போறாளே, அவதான். நூத்துக்கணக்குல கம்ப்யூட்டர் வெச்சிருக்கற பெரிய ஆபீஸுங்க, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா சாவி போடாம, ஆபீஸுக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரைக் காவலுக்கு நிறுத்துமாம். மத்த கம்ப்யூட்டரெல்லாம் 180 நாளுக்குள்ள அதுகிட்ட வந்து 'நான் நம்ம வீட்டுப் பிள்ளைதான்'னு அத்தாட்சியைப் புதுப்பிச்சுக்கணும். இந்த ஆக்டிவேட்டர் பண்றது என்னன்னா, உன் பொட்டிக்குள்ளேயே ஒரு போலிக் காவல்காரனை உட்கார வெச்சு, அவனையே தலையாட்ட வெக்குது. அவன் அசந்தாத்தான் பிள்ளையாருக்குக் கீழ இருக்கற அந்தச் சாம்பல் எழுத்து எட்டிப் பாக்கும். அந்தப் போலிக்காரன் சாகாம இருக்கணும்னா அவனுக்கு உன் பொட்டியில எல்லா அதிகாரமும் வேணும். எல்லா அதிகாரமும் கெடச்சவன் தலையை மட்டும்தான் ஆட்டுவான்னு நீ நம்பறே. நான் 75 வருஷம் வாழ்ந்துட்டேன், அப்படி ஒரு ஆளைப் பாத்ததில்லை. உன் வாச்மேனையும் சேத்துத்தான் சொல்றேன்.

நான் யோக்கியன்னு பேச வரலை. சர்வீஸ் லைன் கெடைக்கறதுக்கு முன்னாடி, கம்பத்துலேருந்து கொக்கி போட்டுக் கெணத்து மோட்டார் ஓட்டினவன்தான் நான். காசு மிச்சம்னு மீசையை முறுக்கினேன். ஒரு நாள் வோல்டேஜ் ஏறி எறங்கி மோட்டார் காயில் கருகிப் போச்சு. பயிர் வாடுது. ஈ.பி. ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன், படியேறலை. என்னன்னு புகார் எழுதறது? 'ஐயா, நான் திருடற கரன்ட் தரமா வரலை'ன்னா? அன்னைக்குத்தான் தெரிஞ்சுது மாப்ளே, திருட்டுச் சரக்குக்குப் பில்லுத்தொகை மிச்சம், ஆனா அது கெட்டா போய்க் கேக்கறதுக்கு ஒரு வாசல் கெடையாது.

2017 மே 12ஐ மறந்துட்டியா? வான்னக்ரைன்னு ஒண்ணு உலகம் பூரா கம்ப்யூட்டரைப் பூட்டி, 300 டாலர் வெச்சாத்தான் தொறப்பேன்னுச்சே. ஒரகடத்துல ரெனோ-நிசான் கார் ஃபாக்டரி வரைக்கும் அடி விழுந்துச்சு. அதுக்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் ரெண்டு மாசம் முன்னாடியே, மார்ச்சுலயே வெளியிட்டிருந்துச்சு. ஒரிஜினல் வெச்சிருந்தும் மருந்து போடாதவனும் அடி வாங்கினான், அதையும் சொல்லணும். கோமாரி ஊசி ஓசியில போட்டாலும் மாட்டை ஓட்டிட்டுப் போகாத சோம்பேறி அவன். உன் கதை வேற. அப்டேட் வந்தா கிராக் போயிடும்னு அந்தப் பையன் அப்டேட்டையே நிறுத்திட்டுப் போனான். ஊசி போட வர்ற டாக்டருக்கு நீ கதவையே சாத்திட்டே.

சட்டத்தையும் கேட்டுக்கோ. 1957 பதிப்புரிமைச் சட்டத்துல 63பி-ன்னு ஒரு பிரிவு. திருட்டு நகல்னு தெரிஞ்சே கம்ப்யூட்டர்ல பயன்படுத்தினா குறைஞ்சது 7 நாள், அதிகமா 3 வருஷம் உள்ள. அபராதம் 50,000லேருந்து 2 லட்சம் வரை. தொழிலுக்கோ லாபத்துக்கோ இல்லைன்னு காட்டினா ஜெயில் இல்லாம அபராதத்தோட விட இடம் இருக்கு. உனக்கு அந்த இடமும் இல்லை, ஜாப் ஒர்க் பில்லே அதுலதானே அடிக்கறே. 'எனக்குத் தெரியாதுங்க ஐயா'ன்னு கையெடுத்துக் கும்பிடலாம்னு பாப்பே. ஆனா 'தெரிஞ்சே'ங்கறதுக்கு சாட்சி யாரு? தும்பிக்கையை ஆட்டிக்கிட்டு மூலையில உட்கார்ந்திருக்காரே, அவரேதான்!

சரி, மொகத்தைத் தொங்கப் போடாதே. சிரிக்கற சமாச்சாரமும் இருக்கு. உன்கிட்ட இன்னொரு லேப்டாப் இருக்கே, டீலர்கிட்ட பில்லு போட்டு வாங்கினது. அதுலயும் அதே பையன் ஃபார்மட் அடிச்சு 'ப்ரோ' போட்டுட்டுப் போனான் இல்லே? பேத்தி போன பொங்கலுக்கு அதைத் தொறந்து பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. விண்டோஸ் 8 காலத்துலேருந்து, விண்டோஸோட விக்கற கம்பெனி லேப்டாப்ல சாவியை மதர்போர்டுலயே பதிச்சு அனுப்பறாங்களாம். உன்னோடதுலயும் 'ஹோம்' சாவி பத்திரமா உட்கார்ந்திருக்கு. கோவணத்துல காசை முடிஞ்சு வெச்சுக்கிட்டு வட்டிக்கடைத் திண்ணையில போய் உட்கார்ந்தவன் கதை! அந்தப் பையன் பதிப்பை மாத்திப் போட்டதால சாவி சேரலை, கிராக் போட்டான். அதே 'ஹோம்' பதிப்பைத் திரும்பப் போட்டு நெட்டைக் குடுத்தா, தானே தன் சாவியை அடையாளம் கண்டுக்கும். ஒரு ரூபா செலவில்லை.

இந்தக் கூத்து உன்னோட மட்டும் நிக்கலை. 2011ல தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் குடுத்தாங்களே, பேத்திக்கும் ஒண்ணு வந்துச்சு. உள்ள ரெண்டு ஓஎஸ்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் ஒண்ணு, சி-டாக் செஞ்ச பாஸ் லினக்ஸ் ஒண்ணு. ரெண்டும் நேர்மையான சரக்கு. ஆனா ஸ்டார்ட்டர்ல திரையோட பின்னணிப் படத்தை மாத்த முடியாது. தளபதி படமும் தல படமும் வெக்க முடியலையேன்னு அவ கூட்டாளிப் பசங்க, நேர்மையான ரெண்டையும் அழிச்சுட்டு 500 ரூபா குடுத்துத் திருட்டு 'அல்டிமேட்' போட்டுக்கிட்டாங்க. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேம்பாங்க. நம்ம பசங்க தான மாட்டை அவுத்து விட்டுட்டுத் திருட்டு மாட்டைக் காசு குடுத்துக் கட்டினாங்க.

ஞாயித்துக்கிழமை பேத்தி வர்றா. ஷெட்டு லீவுதானே, இந்தக் கிராக்கையெல்லாம் ஒழிச்சு முடிச்சுடலாம். அவ சொன்ன வரிசையைக் கேளு. மொதல்ல டேலி டேட்டாவையும் டிராயிங்கையும் வெளி ஹார்டு டிஸ்குக்கு எடுத்து, இன்னொரு மிஷின்ல தொறந்து பாத்துக்கணும். எடுத்துட்டேன்னு நெனச்சுத் துடைச்சவன்தான் நடு ராத்திரியில அழுவான். பழைய சாஃப்ட்வேர் ஃபைல் ஒண்ணும் கூட வரக்கூடாது. கிராக்கெல்லாம் அதுலதான் ஒளிஞ்சுக்கிட்டு வரும். 8 ஜிபி பென் டிரைவ்ல மைக்ரோசாஃப்ட் சைட்டுலேருந்தே விண்டோஸை எறக்கிக்கணும். அப்புறம் டிஸ்குல இருக்கற பார்ட்டிஷன் அத்தனையும் அழிச்சுட்டுப் புதுசாப் போடணும். நல்ல சாவி வாங்கி பழசுமேலேயே அடிச்சாலும் ஆக்டிவேட் ஆகும்தான். ஆனா பூட்டை மாத்தி என்ன பிரயோஜனம், போலிக் காவல்காரன் உள்ளே கட்டில் போட்டுத் தூங்கறானே?

எஸ்.பி. ரோட்டுப் பொட்டிக்கு சாவி காசு குடுத்துத்தான் வாங்கணும். நெட்டுல 400 ரூபாய்க்கு சாவி கெடைக்குதுன்னு ஓடாதே. யாரோ ஒரு பெரிய ஆபீஸுக்கு மொத்தமாக் குடுத்ததைப் பிச்சுப் பிச்சு விக்கறது அதுல நெறைய. ஜிஎஸ்டி பில்லோட வாங்கு. 18 சதவீத வரி உனக்கு கிரெடிட்ல திரும்பி வரும். மீதியை ஆடிட்டர் கம்ப்யூட்டர் தேய்மானத்துல 40 சதவீதம்னு எழுதிக்குவார். அந்தப் பொட்டி ரொம்பக் கெழடா இருந்து விண்டோஸ் 11 ஏறலைன்னா அடம்பிடிக்காதே. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாக் குடுத்துக்கிட்டிருந்த மருந்தை 2025 அக்டோபர் 14ஓட நிறுத்திட்டாங்க. அட்டெண்டன்ஸுக்கும் மெயிலுக்கும் மட்டும்னா அதுல லினக்ஸ் போட்டுடலாம், ஓசி, அதுவும் நேர்மையான ஓசி. டேலியை மட்டும் விண்டோஸ்லயே வெச்சுக்கோ. மிஷினோட ஒட்டிக்கிட்டிருக்கற அந்த எக்ஸ்.பி. பொட்டியைத் தொடாதே. 2014லயே அதுக்குப் பால் ஊத்தியாச்சு, ஆனா மிஷின் அதைத்தான் நம்பி ஓடுது. நெட் ஒயரை மட்டும் பிடுங்கிடு, கண்ட பென் டிரைவையும் சொருகாதே.

அப்புறம் ஒரு கெட்ட சேதி. டிஸ்கைத் துடைச்சதும் உன் டேலி லைசன்ஸ் கேக்கும். அதுவும் கிராக்தானே, அந்தக் கிராக்கும் போயிருக்குமே! லைசன்ஸ் இல்லைன்னா எஜுகேஷனல் மோடுல தொறக்கும். அதுல மாசத்துல 1, 2, 31 தேதிக்கு மட்டும்தான் என்ட்ரி போட விடும். மாசம் மூணு நாள் மட்டும் வியாபாரம் பண்ற கம்பெனிக்கு வாச்மேன் எதுக்குன்னு நீ என்னை நிறுத்திடுவே. அதனால என் பொழப்புக்காகவாவது அதையும் பில்லு போட்டு வாங்கிடு.

என்ன, 'எல்லாம் சேத்தா எவ்வளவு மாமா ஆகும்'னு மூக்கைச் சொறியறே? இந்த மாசம் சிவப்புத் தொட்டியில போட்ட பாகத்தோட மதிப்பை எழுதிப் பாரு, அப்புறம் என்கிட்ட பேசு.

எல்லாம் முடிஞ்சதும் ஸ்டிக்கரை உரி. நகத்தால உரிக்காதே, தேங்காயெண்ணெய் தடவி ஊற வெச்சு எடு. திரையில தடம் நிக்கும். நின்னாலும் நிக்கட்டும் போ. அடுத்த ஆடிட்டுக்கு வர்றவன் 'இங்க என்ன சார் இருந்துச்சு'ன்னு கேட்டா, 'பிள்ளையார் இருந்தார், வேலை முடிஞ்சு போயிட்டார்'னு சொல்லு.

உரிச்ச பிள்ளையாரைக் குப்பையில போட்டுடாதே மாப்ளே. இங்க குடு. என் ராத்திரி ரவுண்டு நோட்டுல ஒட்டிக்கறேன். ஒரு மணி, ரெண்டு மணி, மூணு மணின்னு கட்டம் போட்டிருக்கே, அந்தப் பக்கமா. இன்னைக்குச் சாயந்திரம் ஆறு மணிக்கே நான் கையெழுத்துப் போட்டு முடிச்சுட்டேன்.