பாலைவனத்து வாழைக்காரர்

வளைகுடா நாடுகளில் பிழைக்கும் தமிழர்களில் ஒரு பிரிவினர், தம் வீட்டு வாசலைப் பார்க்கிறவர் அதைக் கும்பகோணம் என்று நம்பிவிட வேண்டும் என்பதற்காகவே பாடுபடுகிறார்கள். வாசலில் வாழை வைக்கும் இவர்களை வாழைக்காரர் எனலாம். துபாயின் மிர்திஃப், ஷார்ஜா, அல் ஐன் பகுதி வில்லாக்களில் கொஞ்சம் தாராளமாகவும், கராமா, குசைஸ் அடுக்குமாடிகளின் பால்கனிகளில் வாஷிங் மெஷினுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே ஒடுங்கியும் காணப்படுவார்கள். ஊரில் இருந்தவரை துளசி மாடத்துக்குக்கூட ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அறியாதவர்களாக இருப்பது இவர்களின் பொதுக்குணம். குடும்ப விசா கிடைத்து, வாடகைக்கு ஒரு வாசல் அமைந்த பிறகே மண்வாசனை தலைக்கேறும்.

வீட்டில் வாழை வளர்க்கும் இங்கிலாந்துத் தோட்டப் பிரியரும் இதே நோய் கண்டவர்தான். அவருக்கு எதிரி பனி. குளிர்காலத்தில் வாழைத்தண்டுக்கு வைக்கோல் சுற்றிப் போர்த்திவிட்டுக் கவலையோடு தூங்கப் போவார். வாழைக்காரருக்கு எதிரி வெயில். "வெயிலுக்குத்தானே நம்ம ஊர் மரமெல்லாம் பழகியிருக்கு" என்ற தைரியத்தில் தொடங்குவார். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 900 மி.மீ. மழை, அமீரகத்துக்கு 100 மி.மீ. அளவில்தான் என்ற விவரம் முதல் மூன்று கன்றுகள் கருகிய பின்னரே அவர் கவனத்துக்கு வரும். ஜூலையில் வெயில் 50 டிகிரியை நெருங்கும்போது, அந்த வெள்ளைக்காரரைப் போலவே இவரும் வாழைக்குப் போர்த்துவார். இங்கே போர்வை பச்சை நிழல்வலை.

அடுத்த பாடம் மண். அமீரகத்து மணல் சுண்ணாம்புச் சத்து மிகுந்த காரமண். அதில் இரும்புச்சத்து இருந்தாலும் வேர் அதை எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இலை மஞ்சளித்துப் போகும். அதோடு உப்புத் தண்ணீரும் பட்டால் ஓரம் தீய்ந்துவிடும். வாழைக்காரர் இதைக் கண்திருஷ்டி என்று கருதிப் பூசணிக்காய் உடைப்பார். பிறகு அல் வர்சான் செடிச்சந்தைக்குப் போய் இரும்புக் கலவைத் தூளும், மாட்டெருவும், ஐந்து கிலோ தென்னைநார்க்கழிவுக் கட்டிகளும் வாங்கி வருவார். பொள்ளாச்சியில் பத்துப் பைசா மதிப்பில்லாமல் குவியலாகக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர், அதையே திர்ஹாம் கொடுத்து வாங்கும்போது முகம் மலர்வதைக் கடைக்காரர்கள் கவனித்திருக்கிறார்கள்.

பருவம் தொடர்பாக இவருக்கும் இவர் தந்தையாருக்கும் ஆண்டுதோறும் தொலைபேசியில் தகராறு நடக்கும். "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்பார் அப்பா. ஆடியில் இங்கே விதைத்தால் முளைக்கும் முன்பே வறுபட்டுவிடும். வளைகுடாவின் பட்டம் புரட்டாசிக் கடைசியில் தொடங்கிச் சித்திரை பிறக்கும்போது முடிகிறது. நகராட்சி சாலையோரமெல்லாம் பெட்டூனியா நடுவதும் இந்தக் குளிர்காலத்துக்காகத்தான். இதைச் சொன்னால் அப்பா, "அப்போ அது என்னடா ஊரு?" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

செடிகளுக்கு இவர் தரும் மரியாதை தலைகீழானது. பாடுபடாமல் வளர்வதை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். காகிதப்பூ மதிலைத் தாண்டிக் கொட்டிக் கிடக்கும். பேரீச்சை தானாகக் குலை தள்ளும். வேம்பு தெருவெங்கும் நிற்கும். இவையெல்லாம் கணக்கில் வாரா. கறிவேப்பிலைக்கும் குண்டுமல்லிக்கும் இரண்டாம் இடம். முருங்கைக்குத் தனி இடம் உண்டு. பெரியகுளத்துப் பி.கே.எம்.1 விதையை வரவழைத்து, அயலூரில் படிக்கப்போன பிள்ளையைப் போல் பொத்திப் பொத்தி வளர்ப்பார். அதன் நெருங்கிய உறவான காட்டு முருங்கை, ஹஜர் மலைகளில் எவர் தயவும் இல்லாமல் பாறையிடுக்கில் காலங்காலமாக வளர்ந்து வருகிறது என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றுவார். தலைமகன் வாழைதான். அகன்ற இலை காற்றில் கிழியும், வெயிலில் நீரை இழக்கும், உப்பைத் தாங்காது. ஆகவே அதுதான் வேண்டும்.

தண்ணீர் பாய்ச்சுவது இவருடைய கலையின் உச்சம். கோடையில் மாடித்தொட்டித் தண்ணீர் கொதிக்கும். அதை ஊற்றினால் வேர் வெந்துவிடும். அனுபவசாலிகள் கீசரை அணைத்துவிட்டு, சுடுநீர்க் குழாயைத் திறந்து குளிர்ந்த தண்ணீர் பிடிப்பார்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுவதையும் வாளி வைத்துச் சேகரிப்பார்கள். அதில் உப்பில்லை என்பதால் செடித்தொட்டியில் சேர்ந்த உப்பையும் அது கரைத்து வெளியேற்றும். அதே ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்கு முன்னால் செடியை வைத்து அனல் காற்றில் கொன்றவர்களும் இவர்களே. கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர் ஆகையால் மாதக் கடைசியில் பில் பேசும். "ஏங்க, இந்த வாழைக்கு ஊத்துற தண்ணிக்காசுக்கு லூலூல ரெண்டு தாரே வாங்கிடலாம்" என்று வீட்டம்மா சொல்வார். வாழைக்காரருக்கு அந்நேரம் காது கேட்காது.

இவர் வாழ்வின் பெருஞ்சோதனை ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை. செடிக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் அந்த இரண்டு மாதம்தான் பள்ளி விடுமுறை, குடும்பத்தோடு ஊர்ப்பயணம். சாவியை வாங்கிக்கொள்ளும் பேச்சிலர் தம்பி, "கவலைப்படாதீங்கண்ணே" என்பான். ஊரில் இறங்கிய நாள் முதல் அண்ணன் அவனிடம் வீடியோ அழைப்பில் வாழையைக் காட்டச் சொல்லிக் கேட்பார். மூன்றாம் வாரத்திலிருந்து தம்பிக்கு நெட்வொர்க் கிடைக்காது.

பூப்பதோடு வேலை முடிவதில்லை. பதினான்காம் மாடிக்கு வண்டு வராது. எனவே பாகற்பூவிலும் புடலம்பூவிலும் காது குடையும் பஞ்சால் மகரந்தம் எடுத்து ஆண்பூவிலிருந்து பெண்பூவுக்கு அவரே கொண்டு சேர்ப்பார். இவ்வளவுக்கும் பிறகு காய்க்கும் நான்கு பாகற்காய் ஐந்து வீடுகளுக்குப் பங்கிடப்படும். வாழை இலை விட்டால், பொங்கல் நாளில் அதில் சாப்பிடக் கூப்பிடப்பட்டவர்கள் எல்லாரும் சாப்பாட்டுக்கு முன் இலையைப் பாராட்டியாக வேண்டும்.

வசதி உள்ளவர்கள் மழைக்காலத்தில் ஓமனின் சலாலாவுக்கு யாத்திரை போவதுண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் விழும் அந்தக் கடற்கரையில் தென்னையும் வாழையும் பப்பாளியும் தோப்புத் தோப்பாக நிற்கின்றன; சாலையோரக் கடையில் இளநீர் விற்கிறது. துபாயிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிவந்து, ஒரு தென்னையடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, "நம்ம ஊர் மாதிரியே இருக்குல்ல?" என்று மனைவியிடம் கேட்பார்.

வேலை முடிந்து ஊர் திரும்பும் வாழைக்காரர் முற்றிலும் வேறு மனிதர். கும்பகோணத்து வீட்டைச் சுற்றி வாழையும் தென்னையும் கேட்பாரற்றுக் காய்த்துக் கிடக்க, வாசலில் குழிவெட்டி 'பர்ஹி' பேரீச்சங்கன்று நடுவார். பேரீச்சை பழுக்க ஈரமில்லாத காற்று வேண்டும். மழை பட்டால் குலை அழுகும். அதனால் பர்ஹியை மஞ்சள் நிறக் காயாக, மொறுமொறுப்பாகவே பறித்துவிடுவது நல்லது. இதையெல்லாம் தெரிந்துகொண்டே அவர் அதற்கு நெகிழித்தாள் போர்த்தி, குடையோடு பக்கத்தில் நிற்பார். அண்டை வீட்டார் "எதுக்கு சார் இது?" என்று கேட்டால், "அங்கல்லாம் வாசலுக்கு வாசல் இதுதான்" என்பார்.