94-ல் நிற்கும் வேகம்

கேள்வி: 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினேன். லேப்டாப்பில் கேபிள் செருகிச் சோதித்தாலும் 94-ஐத் தாண்டவில்லை. இணைப்பு கொடுத்தவர் ஏமாற்றுகிறாரா?

பதில்: அந்த 94-தான் துப்பு. பழைய ரவுட்டர்கள் பலவற்றில் கேபிள் போர்ட்டின் உச்ச வேகமே 100 மெகாபிட்தான். தரவுப் பாக்கெட்டுகளோடு ஒட்டிவரும் முகவரி விவரங்கள் போக, கைக்கு வருவது சுமார் 94. அவரிடம் சண்டைக்குப் போகுமுன் ரவுட்டர் மாடலைப் பாருங்கள்.

கேள்வி: ஆனால் அட்டைப்பெட்டியில் ‘300 எம்பிபிஎஸ்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே?

பதில்: அது வைஃபை அலைவரிசையின் உச்சக் கணக்கு. அந்த எண் வர 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். பக்கத்து வீட்டு வைஃபைகள் நெருக்கும் அடுக்ககத்தில் அது அநேகமாகக் கிடைக்காது. கிடைத்தாலும் பின்னால் இருப்பது 100 போர்ட். போர்ட் வேகத்தையும் அதே கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது என் கட்சி. அதுவரை, ‘எல்லா போர்ட்டும் ஜிகாபிட்டா?’ என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என்னுடையது ஜிகாபிட் போர்ட்தான், வயது பத்து. 500 பிளானில் 200-க்கு மேல் ஏறவில்லையே?

பதில்: சந்தேகம் பிராசஸர் மேல். ஜிகாபிட் வேகத்தில் முழு அளவு பாக்கெட்டுகள் மட்டுமே நொடிக்கு 81,000-க்கும் அதிகம். மிகச் சிறியவை என்றால் 14.88 லட்சம். ஒவ்வொன்றிலும் வீட்டுக்குள்ளிருக்கும் முகவரியை அழித்து வெளி முகவரியை எழுத வேண்டும். பதில் வரும்போது திருப்பி எழுத வேண்டும். 2002 டிசம்பரில் வந்து புகழ்பெற்ற லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் முதல் பதிப்பின் பிராசஸர் 125 மெகாஹெர்ட்ஸ். அன்றைய பிராட்பேண்டுக்கு அது தாராளம். இன்றைய ஃபைபருக்கு முடியாத காரியம்.

பின்னால் வந்த பல மாடல்களில் இந்த வேலையை பிராசஸரிடமிருந்து எடுத்துத் தனிச் சிப் பகுதியிடம் கொடுத்தார்கள். ஆனால் குழந்தைகள் கட்டுப்பாடு, க்யூஓஎஸ் (எந்த டேட்டாவுக்கு முன்னுரிமை என்ற அமைப்பு), டேட்டா கணக்கு போன்றவற்றை ஆன் செய்தால் பலவற்றில் அந்த உதவி நின்றுவிடும். பாக்கெட்டுகள் அத்தனையும் மறுபடி பிராசஸர் தலையில். அவற்றை ஆஃப் செய்து ஒருமுறை சோதியுங்கள். வேகம் ஏறினால் பணம் மிச்சம்.

கேள்வி: தினமும் ஆஃப் செய்து ஆன் செய்தால் வேகம் கூடுமா?

பதில்: திணறிய ரவுட்டர் தெளியும். 100 போர்ட் 101 ஆகாது.

கேள்வி: புது ஜிகாபிட் ரவுட்டர் வாங்கியும் அதே 94!

பதில்: கேபிளை மாற்றுங்கள். ஜிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு நான்கே போதும். எலி கடித்தோ கதவிடுக்கில் நசுங்கியோ மீதி நான்கில் ஒன்று போனால், பெரும்பாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். இணையம் வந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ரவுட்டருக்குச் செலவழிக்குமுன் செய்ய வேண்டிய சோதனை இது.

கேள்வி: என் பிளான் வெறும் 50. பழைய ரவுட்டர் போதும்தானே?

பதில்: வேகத்துக்குப் போதும். பாதுகாப்புக்குப் போதுமா என்று பாருங்கள். 2018-ல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் உலகெங்கும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட கருவிகளைப் பிடித்தது. அவற்றில் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்கள். உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் அப்டேட் தருவதை நிறுத்தியிருந்தால், அது எவ்வளவு நன்றாக ஓடினாலும் மாற்றிவிடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை இன்றைக்கே குறித்துத் தேடிப் பாருங்கள்.