வைரஸ் சார்

எல்லா ஆபீஸிலும் ஒரு வைரஸ் சார் இருப்பார். சம்பளப் பட்டியலில் கேஷியர், சூப்பரின்டெண்ட், ஸ்டோர் கீப்பர் என்று ஏதாவது போட்டிருக்கும். அதெல்லாம் பேருக்கு. யாருடைய கம்ப்யூட்டராவது கொஞ்சம் முனகினால் முதலில் எழுந்து வருகிறவர் அவர்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார், திரையை ஒரு பார்வை பார்ப்பார். "வைரஸ்." அவ்வளவுதான். கோடாங்கிக்காவது உடுக்கை அடிக்க நேரம் வேண்டும்.

ஷிப்ட் கீயை வரிசையாக ஐந்து தடவை தட்டினால் சத்தத்தோடு ஒரு பெட்டி எழும். ஒரே நேரத்தில் இரண்டு கீயை அழுத்த முடியாதவர்களுக்காக விண்டோஸ் வைத்திருக்கும் வசதி அது. சார் அகராதியில் வைரஸ். மெஷின் சூடாகித் தானாக அணைந்தால் வைரஸ். உள்ளே ஃபேனில் கம்பளிபோல் படிந்திருக்கும் தூசியை அவர் பார்த்ததில்லை. மதர்போர்டில் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துபோனால், ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு பழைய ஜனவரி முதல் தேதிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ் எதுவும் செல்லாது என்பதால் பேங்க் சைட்கூட "பாதுகாப்பில்லை" என்று மிரட்டும். "பேங்க்கையே பிடிச்சிருச்சு பாத்தீங்களா" என்பார் சார். கீழே மூலையில் கடிகாரம் பரிதாபமாகப் பழைய வருஷத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அவருடைய உச்சம் பாமினி விவகாரம். வெளியூர்க் கிளையிலிருந்து பாமினி ஃபாண்டில் அடித்த கடிதம் ஒன்று வந்தது. இங்கே அந்த ஃபாண்ட் கிடையாது. 'அம்மா' என்று அடித்திருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நின்றது. பக்கம் முழுக்க இதே கதி. "தமிழை மட்டும் குறி வச்சுத் தாக்குது" என்று சார் குரலைத் தாழ்த்திச் சொன்னார். டீ கொண்டுவந்த பையன்கூட ஒரு எட்டு பின்வாங்கினான்.

நோய் ஒன்று என்றால் மருந்தும் ஒன்றுதானே: "ஃபார்மட் அடிச்சிடலாம்." இதில்தான் எனக்கு அவர்மேல் கோபம் வரும். ஹார்டு டிஸ்க் உள்ளே 'டிக் டிக்' என்று தட்ட ஆரம்பித்தால், பெரும்பாலும் அது சாகப்போகிறது என்று அர்த்தம். செய்யவேண்டியது ஒன்றே, இருப்பதை உடனே வேறு இடத்தில் காப்பி எடுப்பது. சார் ராத்திரி முழுக்க ஸ்கேன் ஓடவிட்டுப் போவார். விடியும்போது வைரஸும் இருக்காது, டிஸ்க்கும் இருக்காது.

வரலாறும் பேசுவார். 1986இல் லாகூரில் அண்ணன் தம்பி இரண்டு பேர் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ் அவருக்கு மிகவும் பிடித்த கதை. அந்த வைரஸுக்குள் தங்கள் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள் அந்த மகராசன்கள். சார் இன்னும் அந்த மரியாதையைத்தான் எதிர்பார்க்கிறார்: வருகிறது சத்தம்போட்டுச் சொல்லிவிட்டு வரும் என்று. இப்போதையது பணத்துக்காக வருகிறது. காரியம் முடிகிறவரை மூச்சுக்கூட விடாது.

அதனால் நிஜமானது வரும்போது சாருக்கு அடையாளமே தெரியாது.

"சார், நான் அனுப்பாத மெயில் என் பேர்ல எல்லாருக்கும் போயிருக்கு" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"நெட் ஸ்லோம்மா. அப்படித்தான் ஒண்ணு ரெண்டு சுத்தும்."

"கூகுள்ல எதைத் தேடினாலும் வேற எங்கயோ போய் நிக்குது சார்."

"விண்டோஸ் பழசாயிருச்சு."

"ஆன்டிவைரஸ் தானா ஆஃப் ஆயிருக்கு. ஆன் பண்ணினா மறுபடி ஆஃப் ஆகுது."

"அது நல்லதுதான். அது ஓடினாத்தான் மெஷின் ஸ்லோ."

இந்த மூன்றும் ஒரே வாரத்தில் வந்தால் நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். டைப்பிஸ்ட் அம்மா கூப்பிட்டது சாரை.

விண்டோஸ் அப்டேட்டை ஆபீஸ் முழுக்க நிறுத்தி வைத்த பெருமையும் அவருடையதே. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டபோது, அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அப்டேட் கொடுத்திருந்தது. அப்டேட் போடாத மெஷின்கள்தான் மாட்டின. சார் அதைப் பேப்பரில் படித்தார். "பாத்தீங்களா, நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்ல, வைரஸ்னு" என்றார்.

அவரிடம் ஒரு பென்டிரைவ் உண்டு. சாவிக்கொத்தோடு இடுப்பிலேயே தொங்கும். பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடை, மச்சினன் லேப்டாப் எல்லாம் சுற்றிவந்த உருப்படி. செருகினால் ஃபோல்டர் எல்லாவற்றிலும் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி. நிஜ ஃபோல்டர்கள் ஒளிக்கப்பட்டுக் கிடக்க, அதே பெயரில் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கின்றன.

"இது என்ன சார்?"

"அது ஒண்ணுமில்ல, எல்லாம் அப்படித்தான் வருது. டபுள் கிளிக் பண்ணுங்க, திறக்கும்."

திறக்கவும் செய்தது. சார் அதைக் கழற்றிக்கொண்டு, ஆன்டிவைரஸ் போட்டுக்கொடுக்க அடுத்த மேஜைக்குப் போனார்.