எட்டு போட்டால் போதும்

1955-ல் உருவான என்ஃபீல்டு இந்தியாவின் ஆலை திருவொற்றியூரில்தான். இந்திய புல்லட் பிறந்த மண்! இங்கே 100 சிசி வண்டி என்றால் பையனுக்குக் கௌரவக் குறைச்சல். "650 எடுத்துக் குடு நைனா, ஓட்டிப் பழகிக்கிறேன்" என்கிறான்.

சட்டமும் அவன் கட்சிதான். கியர் வண்டிக்கு உரிமம் ஒன்றே. ஸ்ப்ளெண்டரில் எட்டு போட்டுக் காட்டியவன், 200 கிலோவுக்கு மேல் கனக்கும் இன்டர்செப்டர் 650-லும் தாராளமாக ஏறலாம். ஐரோப்பாவில் இளவட்டங்களை 35 கிலோவாட்டோடு நிறுத்தி, இரண்டு வருஷம் பழகவிட்டுத்தான் பெரிய வண்டி தருகிறார்கள். பயந்த சுபாவம்!

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது, இன்டர்செப்டரின் 47 குதிரைசக்தியும் முதல் கியரில் உறுமித் தொடையைச் சுடும். மீன்கூடை கட்டிய எக்ஸ்எல் மொபெட் மட்டும் சந்தில் புகுந்து காசிமேடு போய்ச் சேர்ந்துவிடும்.

அப்பன்மாரே, முதலில் ஒரு எக்ஸ்எல் வாங்கிக் கொடுங்கள். அதற்கும் ஹெல்மெட் கட்டாயம்.