உப்புக்கும் வயசாகும்

பாலாவி உப்பளத்தில் வெயில் விளைவித்த உப்பு, பக்கற்றுக்குள் நுழைந்ததும் காலாவதித் திகதி வாங்கிக்கொள்கிறது. அதற்கு முன் கடலில் எத்தனை காலம் கிடந்ததென்று யாரும் கேட்பதில்லை. திகதி தாண்டி மூன்று நாளான பக்கற்றைக் கொட்டப்போனேன். உம்மா பறித்துவிட்டார்.

“மீனைக் கெடாம வெக்கிற சாமான், அதுவே கெடுமா மகன்?”

கெடாதுதான். 1995 முதல் சட்டப்படி சேர்க்கிற அயடின்தான் ஈரத்திலும் சூட்டிலும் குறையும்.

கொடியில் கற்பிட்டிக் கருவாடு. அதற்குத் திகதியே இல்லை. உம்மா வாலை ஒடித்தார், முகர்ந்தார், “ஆகும்” என்றார். மேன்முறையீடு கிடையாது.

ஆனால் ஊதிப்போன டின்மீனிடம் உம்மாவின் மூக்கும் செல்லாது. திகதி மிச்சமிருந்தாலும் திறக்காமல் வீசுங்கள். உப்பை அடுப்பிலிருந்து தள்ளி, மூடிய போத்தலில் வையுங்கள்.