பாத்துக்கறேன் சார்

அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவருடைய வலது கை தானாக மேலே எழும்பும். உள்ளங்கை நம்மைப் பார்த்து நிற்கும். கோயில் உற்சவருக்குக்கூட அபய ஹஸ்தம் இவ்வளவு அம்சமாக அமைந்து நான் பார்த்ததில்லை. "விடுங்க சார், நான் பாத்துக்கறேன்." மோட்டார் ரிப்பேர், மொட்டைமாடி ஒழுகல், சொத்து வரி ரசீதில் விழுந்த பெயர்ப்பிழை, எல்லாம் அந்த உள்ளங்கைக்குள் போய்விடும். போனது திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் அவருக்கு எந்தப் பதவியும் கிடையாது. கொடுத்தாலும் வாங்க மாட்டார். "பதவியெல்லாம் எதுக்கு சார், பின்னால நின்னு நான் பாத்துக்கறேன்" என்று பொதுக்குழுவில் எழுந்து சொல்வார். கைதட்டல் விழும். பதவியில் இருப்பவரிடம் கணக்குக் கேட்கலாம், மினிட்ஸ் நோட்டைக் காட்டச் சொல்லலாம், அடுத்த வருஷம் ஆளை மாற்றலாம். பின்னால் நிற்பவரை என்ன செய்ய முடியும்?

"அது என் வேலை இல்ல" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் முதல் மாடியில் ஒருவர் இருக்கிறார். பொங்கல் கோலப் போட்டிக்கு நூறு ரூபாய் கேட்டாலும் அதே பதில்தான். அவர்மேல் எனக்கு இப்போதெல்லாம் மரியாதை கூடிக்கொண்டே வருகிறது. அவர் கதவைச் சாத்திய மறுநிமிஷம் நாம் வேறு ஆளைத் தேடலாம். பாத்துக்கறேன் சாரிடம் அந்த வசதி கிடையாது. ஒரு வேலை அவர் கைக்குப் போன பிறகு நாமாகப் பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டால் முகம் வாடிவிடும். "நான்தான் சொன்னேனே சார்" என்பார். அந்தக் குரலில் இருக்கும் மனத்தாங்கலைக் கேட்டால், வந்த பிளம்பருக்கு ஆட்டோ சார்ஜ் கொடுத்து நாமே திருப்பி அனுப்பிவிடுவோம். அனுப்பியிருக்கிறோம்.

சென்சார் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற சென்சார் கெட்டுப்போனது. நாங்கள் இருப்பது மடிப்பாக்கம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த நாட்களில் 12,000 லிட்டர் லாரிக்காக நடுராத்திரி பால்கனியில் காத்துக் கிடந்த ஜனங்கள். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினால் எங்களுக்கு வயிறு எரியும். அப்படிப்பட்ட இடத்தில் தினமும் விடிகாலையில் மொட்டைமாடியிலிருந்து அருவி கொட்ட ஆரம்பித்தது. எல்லோரும் லுங்கியும் நைட்டியுமாக வாசலில் கூடினோம். அவரும் வந்தார். அண்ணாந்து பார்த்தார். கை எழும்பியது. நாங்கள் கலைந்து போய் நிம்மதியாகக் காப்பி குடித்தோம்.

முதல் வாரம் "பாத்துக்கறேன்." அடுத்து "அவன்கிட்ட சொல்லிட்டேன்." அப்புறம் "வந்துக்கிட்டே இருக்கான்." அப்புறம் "வந்துட்டுப் போயிட்டான் சார், நீங்க ஆபீஸ் போயிருந்தீங்க, ஏதோ பார்ட் இல்லன்னு சொன்னான்." அதற்கும் அப்புறம் ஒரு நாள், நான் வண்டியை எடுக்கும்போது பிடித்து நிறுத்திக் கேட்டால், "எந்த சென்சார்?" இந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் முகத்தில் கள்ளமே இருக்காது. புதிதாக ஒரு வேலை கிடைத்த பூரிப்புதான் இருக்கும். நாம் முதலிலிருந்து விளக்குவோம். கை எழும்பும்.

இந்த ‘அவன்’ யார் என்பது எங்கள் குடியிருப்பின் பெரிய மர்மம். சென்சாருக்கும் அவன்தான், ஈ.பி. ஆபீஸுக்கும் அவன்தான், கழிவுநீர் லாரிக்கும் அவன்தான். ஒருத்தரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவன் குடும்ப விவகாரம் எங்களுக்கு அத்துப்படி. தங்கைக்குச் சீமந்தம். மச்சானுக்குக் கால் எலும்பு முறிவு. மாமியார் திண்டிவனத்தில் தவறிப்போனார். சில மாதம் கழித்து மழைநீர்க் குழியைத் தூர்வாரும் பேச்சு வந்தபோது அதே மாமியார் மறுபடியும் தவறிப்போனார். மூன்றாவது மாடி டீச்சரம்மா இரண்டு முறையும் "அடப்பாவமே" என்றார். ஆடி மாதமென்றால் அவன் ஊர்க் கோயிலில் தீ மிதிக்கிறான். ஐப்பசியில் மழை. மார்கழியில் மாலை போட்டிருக்கிறான், மலைக்குப் போய்த் திரும்ப வேண்டும். தை பிறந்தால் பொங்கலுக்குப் போனவன் இன்னும் பஸ் ஏறவில்லை. ஒரு மனிதனுக்கு இவ்வளவு பக்தியும் பந்தமும் இருந்தால் அவன் எப்போதுதான் சென்சார் மாட்டுவான்?

கடைசியில் மாட்டியது யாரென்று கேட்கிறீர்களா? முதல் மாடி ‘என் வேலை இல்ல’க்காரர். பாத்துக்கறேன் சார் குடும்பத்தோடு காதுகுத்துக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எலக்ட்ரிக்கல் கடையிலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்து அரைமணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். நன்றி சொல்லப் போனேன். "தூக்கம் கெடுது சார்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

1968-ல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, இன்டர்காமில் பேசிக்கொண்டிருந்த ஒருவருக்குத் திடீரென்று வலிப்பு வந்தது போலக் குரல் கேட்கச் செய்தார்கள். அதைக் கேட்பது தான் மட்டும்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து போய் ஆளைக் கூப்பிட்டார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அப்படி எழுந்தவர்கள் 31 சதவீதம். கூட்டம் சேரச் சேர ஆளாளுக்குப் பொறுப்பு கரைகிறது என்று எழுதிவைத்தார்கள். பெரிய ஆராய்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நான்கு பேரில் ஒருவர் "விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று இன்டர்காமில் குரல் கொடுத்திருந்தால் அந்த 31 என்னவாகியிருக்கும் என்று அவர்கள் பார்க்கவில்லை. எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தால் செலவில்லாமல் கண்டுபிடித்திருக்கலாம்.

அந்த உள்ளங்கைக்கு மசியாத ஒரே ஜீவனை நான் பார்த்திருக்கிறேன். டெங்கு காலத்தில் வீடு வீடாக வரும் மாநகராட்சிப் பணியாளர் அம்மா. மொட்டைமாடியில் யாரோ போட்டுவைத்திருந்த உடைந்த பூந்தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்தார். புழு நெளிந்தது. நம்மவர் பின்னாலேயே போயிருந்தார். "நீங்க போங்கம்மா, நான் பாத்துக்கறேன்." அந்த அம்மா அவரை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். காலால் தொட்டியைக் கவிழ்த்தார். நோட்டில் எழுதினார். அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கிளம்பிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். நம்மவர் போனில் ஒரு நம்பர் தேட அதைவிடக் கூடுதலாக வேண்டும் என்பது அந்த அம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

மழைநீர்க் குழியைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ல் ஆக்கினார்கள். எங்கள் குழி அந்த வருஷம் வெட்டியது. இப்போது அதன்மேல் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் லிஃப்ட் விஷயத்தில் என்னால் சிரிக்க முடியவில்லை. லிஃப்ட் நின்று மாதக்கணக்காகிறது. ஏ.எம்.சி. என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியானபோது புதுப்பிக்கிறேன் என்று பத்திரம், பழைய ரசீது, அரசு கொடுத்த லிஃப்ட் உரிமம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு வாங்கிக்கொண்டு போனார். பொருளாளர் செக் எழுதத் தயாராக இருக்கிறார். வீட்டுக்கு வீடு பணம் கொடுக்கவும் யாரும் மறுக்கவில்லை. பை மட்டும் அவர் வீட்டு லாஃப்டில் இருக்கிறது. டீச்சரம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது; முழங்கால் ஆபரேஷன் ஆனவர். பால் பாக்கெட்டுக்கும் கீரைக்கும் கயிற்றில் கூடை இறக்குகிறார். பிசியோதெரபிக்குப் போவதை விட்டுவிட்டார், காலில் பிடிப்பு இறுகிக்கொண்டே வருகிறது. பேரன் பள்ளிக்கூட ஆண்டுவிழாவை செல்போனில் பார்த்தார். ஒரு போன் செய்தால் முடிகிற காரியம். அந்த ஒரு போனை அவர் செய்வதில்லை, அடுத்தவரையும் செய்யவிடுவதில்லை. உதவி என்று சொல்லிக்கொண்டு ஒரு கிழவியை வீட்டுச் சிறையில் வைத்திருக்கிறோம். ‘றோம்’ என்று போட்டது ஒரு மரியாதைக்காக. வைத்திருப்பது அவர்தான்.

இவ்வளவு கோபமும் போன வாரம் மாடிப்படியில் கொஞ்சம் குழம்பிப்போனது. டீச்சரம்மாவுக்கு கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்குத் தூக்க முடியாது என்று டெலிவரிப் பையன் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். கேஸ் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோவை ஒட்டி வரும். அதைத் தோளில் வைத்துக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்ட, நம்மவர் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல், சர்க்கரை வேறு. நான் ஒரு கை பிடிக்கப் போனேன். "வேணாம் சார், வேணாம், நான்..." மீதியைச் சொல்ல மூச்சு இல்லை. கை மட்டும் எழும்பப் பார்த்து, சிலிண்டரைப் பிடிக்கத் திரும்பிப் போனது. மேலே டீச்சரம்மா கண் கலங்கி, "இந்தக் காலத்துல யார் தம்பி இப்படிச் செய்வா" என்று மோர் கொடுத்தார். குடித்துவிட்டு, "லிஃப்ட் சீக்கிரம் வந்துரும் டீச்சர், அவன்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றார். அந்த அம்மாவும் தலையை ஆட்டினார்.

அதாவது சிலிண்டரைத் தூக்குவார். உங்களுக்கு ரத்தம் வேண்டுமென்றால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதலில் வந்து படுப்பார். சாவு வீட்டில் பந்தல் கால் பிடிப்பார். உடம்பால் செய்கிற எதற்கும் அவர் தயார். போன் எடுத்து ஒரு நம்பரைத் தட்டி, ஒருத்தன் வருகிறானா என்று காத்திருந்து, வராவிட்டால் மறுபடியும் தட்டுகிற அந்தச் சலிப்பான வேலைதான் அவருக்கு ஆகாது. பாதிப் பொறுப்பு அந்தச் சலிப்பில்தானே இருக்கிறது? மோர் யாரும் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

தன்னைப் பார்த்துக்கொள்வாரா என்றால், அதுவும் அவர் மனைவியின் இலாகா. காலையில் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்து அனுப்புவார் அந்த அம்மா. "பாத்துக்கறேன்" என்று கிளம்புவார் இவர். சாயங்காலம் வாஷிங் மிஷினில் மாத்திரை கரையும். ஹெல்மெட் வண்டியில் பத்திரமாக மாட்டியிருக்கும். மேடவாக்கம் மெயின் ரோடு முழுக்க கண்ணாடிக்கு ஒரு கீறல் விழாமல் காப்பாற்றுகிறார். "வீட்டுக்கு ஒரு வேலை ஆகணும்னா நானே பண்ணிடுவேன். அவர் காதுலயே போட மாட்டேன்" என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னாராம். இந்த ரகசியத்தை அவர் கொஞ்சம் முன்னாடியே எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

இனிப் பொறுப்பதில்லை என்று நேற்று அவரை கேட்டருகே மடக்கினேன். பை வேண்டாம், பத்திரம் வேண்டாம், அந்த லிஃப்ட் மெக்கானிக் நம்பரை மட்டும் கொடுங்கள், நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். முகம் வாடியது. நான் அசையவில்லை. மெதுவாகப் போனை எடுத்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், ரொம்ப நேரம் தேடினார், கடைசியில் வாட்ஸப்பில் அனுப்பிவைத்தார். பெயர் ‘நம்ம ஆளு’ என்று இருந்தது. ஆகா, ‘அவன்’ கிடைத்துவிட்டான் என்று எனக்குக் கையெல்லாம் நடுங்கியது. அங்கேயே நின்று அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம் சார், சொல்லுங்க. எத்தனை இலை?"

"இலையா? லிஃப்ட் கம்பெனி இல்லீங்களா?"

"கேட்டரிங் சார். நம்பர் யார் குடுத்தது?"

சொன்னேன். எதிர்முனையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"மடிப்பாக்கம் சாரா? பக்கத்துலயா இருக்காரு? அவங்க சொந்தக்காரங்க வீட்டு வளைகாப்புக்கு டிபன் போட்டோம் சார். பாக்கிய அவங்ககிட்ட கேட்காதீங்க, நான் பாத்துக்கறேன்னாரு. அது போன வைகாசி சார்."